யாருடைய பாதுகாப்பு? ஐரோப்பிய நீதிமன்றங்கள் கேட்ட கேள்வியும் நம் நாட்டுச் சட்டமும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப தினக் கருத்தரங்கில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழாவில் பேச எத்தனையோ தலைப்புகள் இருக்க, ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைப்பது நியாயம்தான். ஆனால் நமக்கும் அதற்கும் இடையே ஒரு சொல் இருக்கிறது. சற்று முன்புதான் அதை நாம் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். 'ஸலாம்' என்பது எதிரில் நிற்பவருக்கு அமைதியையும் தீங்கின்மையையும் வேண்டும் சொல். அதே அரபு வேரிலிருந்துதான் மலாய் மொழியில் 'செலாமாட்' வந்தது. அதிலிருந்து 'கெசலாமாத்தான்' வந்தது. நம் நாட்டுச் சட்டங்களில் பாதுகாப்பு என்பதற்கு அதுதான் சொல்.

அந்தச் சொல் இரண்டு சட்டங்களின் பெயரில் இருக்கிறது. ஒன்று 'அக்தா கெசலாமாத்தான் டாலாம் நெகிரி 1960'. நாம் இசா சட்டம் என்று சொல்லிப் பழகிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அது. மற்றொன்று 'அக்தா கெசலாமாத்தான் சோசியல் பெக்கெர்ஜா 1969', அதாவது நம் உணவகங்களிலும் மளிகைக் கடைகளிலும் மாதா மாதம் கட்டுகிற சொக்சோ. முதல் சட்டம் ஒருவரை வழக்கு விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்க வழி செய்தது. இரண்டாவது, வேலையில் கை முறிந்தால் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறது. சொல் ஒன்றே. ஒன்றில் மனிதரிடமிருந்து அரசைக் காப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர். மற்றதில் மனிதரையே காப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

இந்த இரண்டு பொருளுக்கும் இடையே ஐரோப்பாவின் சட்டம் எழுபது ஆண்டுகளாக ஊசலாடி வருகிறது. அந்த ஊசலாட்டத்தில் நமக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது என்பதால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் அங்கே தொடங்கிய கதையைச் சொல்லிவிடுவோம். 1950 மே 9-இல் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஓர் அறிவிப்பு செய்தார். பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அமைப்பின் கீழ் வைக்க வேண்டும் என்றார். போர் செய்யத் தேவையான பொருள் எதிரியோடு பங்கு போட்ட பொருளாகிவிட்டால் போர் செய்ய முடியாதல்லவா? மறு ஆண்டு ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. அரசுகளுக்கு மேலே ஒரு சட்டம், அந்தச் சட்டத்துக்கு ஒரு நீதிமன்றம் என்ற ஏற்பாடு அங்கேதான் பிறந்தது.

அந்த நிலக்கரியை வெட்டியவர்கள் யார்? பெல்ஜியத்தின் சுரங்கங்களில் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்கள் நிறையப் பேர். 1956 ஆகஸ்ட் 8-இல் மார்சினெல் என்ற ஊரின் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். ஊரை விட்டுக் கடல் தாண்டிப் பிழைக்க வந்த நம் முன்னோர்களுக்கு இந்தக் கதை புரியும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1958-இல் இயற்றிய மூன்றாவது ஒழுங்குமுறையே வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டில் வேலை செய்த காலத்தை இன்னொரு நாட்டில் கணக்கில் சேர்க்க வேண்டும், குடும்பம் எல்லைக்கு அப்பால் இருந்தாலும் உதவித்தொகை போய்ச் சேர வேண்டும் என்றது அது. நாடுகளுக்கு மேலான அந்தச் சட்டத்தில் 'பாதுகாப்பு' முதலில் உள்ளே நுழைந்தது சொக்சோவின் பொருளில்தான், இசாவின் பொருளில் அல்ல.

நம் நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்தது 2019 ஜனவரி 1-இல்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் உணவகங்களில் ரொட்டி போடும் பிள்ளைகளுக்கு அதற்கு முன்பு 1952-ஆம் ஆண்டின் பழைய இழப்பீட்டுச் சட்டம் மட்டுமே இருந்தது. இங்கே முதலாளிகளாக இருக்கும் நம் உறுப்பினர்கள் அந்தச் சந்தாவை ஒரு செலவாக மட்டும் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

இனி மற்றப் பொருளுக்கு வருவோம்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இன்று நம் பையில் இருக்கும் ஐ.சி. அந்த ஆண்டில்தான் பிறந்தது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களிடமிருந்து பொதுமக்களைப் பிரித்தறிய, 12 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அடையாள அட்டை வழங்கினார்கள். 1950-இலிருந்து பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களின் லயங்களும் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன. கொரில்லாக்களின் நடமாட்டம் மிகுந்த மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடைக்காரர் டின்னில் அடைத்த உணவை விற்றால், விற்கும்போதே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. வாங்கியவர் அதைச் சேர்த்து வைத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக! ஜொகூரின் உள்ளூர்களில் மளிகைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நாட்டின் பாதுகாப்பு என்பது அன்று ஒரு சார்டின் டின்னில் வந்து நின்றது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாளே இசா நடப்புக்கு வந்தது. காவல்துறை 60 நாள் வரை பிடித்து வைக்கலாம். அதன்பின் அமைச்சரின் கையெழுத்தில் இரண்டு ஆண்டு. அது முடிந்தால் மீண்டும் இரண்டு ஆண்டு. இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

இதை மலாயாவின் தனிக் குறை என்று நினைக்க வேண்டாம். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் இதுதான் நிலை. அயர்லாந்தில் லாலெஸ் என்ற இளைஞர், ஐ.ஆர்.ஏ. இயக்கத்தவர் என்ற சந்தேகத்தில் 1957-இல் சுமார் ஐந்து மாதம் விசாரணையின்றி முகாமில் அடைக்கப்பட்டார். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கே அவருடையதுதான். 1961 ஜூலை 1-இல் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார். அவசரநிலை இருந்ததால் அரசு செய்தது செல்லும் என்றார்கள்.

ஆனால் தோற்ற வழக்கிலும் ஒரு காரியம் நடந்தது. உண்மையிலேயே அவசரநிலை இருந்ததா, இந்த நடவடிக்கை அதற்குத் தேவைதானா என்பதை நீதிமன்றம் தானே எடுத்துப் பார்த்தது. அரசு சொன்னால் சரி என்று விட்டுவிடவில்லை.

நம் நாட்டில் 1969-இல் கரம் சிங் என்பவரின் வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்தது. இசாவின் கீழ் அவரைப் பிடித்ததற்குக் கொடுக்கப்பட்ட காரணங்கள் தெளிவாக இல்லை என்பது வாதம். அமைச்சர் மனநிறைவு அடைந்தாரா என்பதுதான் கேள்வி. அந்த மனநிறைவுக்குப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிமன்றம் ஆராயாது என்று தீர்ப்பானது. பாதை அங்கேதான் பிரிந்தது என்று நாம் கருதுகிறோம். ஐரோப்பிய நீதிபதிகள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். நம் நீதிபதிகள் சாத்தினார்கள். காஸ்வேக்கு அந்தப் பக்கம் 1988-இல் சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே கதவைத் திறக்கப் பார்த்தது. சில வாரங்களில், 1989 ஜனவரியில், அங்கே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மூடிவிட்டது. அதே ஆண்டு நம் நாட்டிலும் இசாவில் 8பி என்ற பிரிவைச் சேர்த்துப் பூட்டும் போட்டார்கள்: நடைமுறை தவறியதா என்பதைத் தவிர வேறு எதையும் நீதிமன்றம் கேட்கக் கூடாது.

ஐரோப்பாவில் அந்தக் கதவு எவ்வளவு தூரம் திறந்தது என்பதற்கு இன்னொரு சிங்கின் வழக்கைச் சொல்லலாம். கரம்ஜித் சிங் சஹால் பிரிட்டனில் குடியேறிய சீக்கியர். காலிஸ்தான் இயக்கத்தில் ஈடுபட்டவர், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி 1990 ஆகஸ்டில் பிரிட்டன் அவரைச் சிறையில் வைத்தது. இந்தியாவுக்கு அனுப்பிவிட முடிவு செய்தது. அவருடைய வழக்கை ஓர் ஆலோசனைக் குழு பார்த்தது. அங்கே அவருக்கு வழக்கறிஞர் இல்லை. ஆதாரம் என்ன என்று முழுதாகச் சொல்லப்படவில்லை. குழு உள்துறை அமைச்சருக்கு என்ன சொன்னது என்பதும் அவருக்குத் தெரியாது. இசாவின் ஆலோசனை வாரியத்தை அறிந்தவர்களுக்கு இது பழகிய படமாகவே தெரியும்.

1996 நவம்பர் 15-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. சித்திரவதை நடக்கும் ஆபத்து உண்மையாக இருக்கிற இடத்துக்கு ஒருவரை அனுப்பக் கூடாது. அவர் எப்படிப்பட்டவர் என்பது அங்கே கணக்கில்லை. இரண்டாவது, அப்படி ஓர் ஆலோசனைக் குழு நீதிமன்றம் ஆகாது. ஆறு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர் அன்றே வெளியே வந்தார். உளவுத் தகவலின் மூலத்தைக் காக்க வேண்டும் என்ற பிரிட்டனின் கவலையை நீதிபதிகள் தள்ளிவிடவில்லை. மூலத்தையும் காக்கலாம், மனிதருக்கும் நியாயம் செய்யலாம், வழி தேடுங்கள் என்றார்கள். மறு ஆண்டு பிரிட்டன் அதற்கென ஒரு தனி ஆணையத்தை அமைத்தது. இரகசிய ஆதாரத்தைப் பார்த்து, பிடிபட்டவரின் சார்பில் வாதாடப் பாதுகாப்பு அனுமதி பெற்ற வழக்கறிஞர்களை அங்கே நியமித்தார்கள். அது குறையில்லாத ஏற்பாடு அல்ல. அந்த வழக்கறிஞர் இரகசிய ஆதாரத்தைப் பார்த்த பிறகு தன் கட்சிக்காரரிடமே அதைப் பேச முடியாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

இதற்குப் பிறகு 2001 செப்டம்பர் 11 வந்தது. அந்த நாளுக்குப் பின் உலகமெங்கும் முஸ்லிம் பெயர் வைத்திருப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்ற சொல்லின் எடை மாறிவிட்டது.

யாசின் அப்துல்லாஹ் காதி சவூதி அரேபியாவைச் சேர்ந்த வணிகர். 2001 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. 1999-இன் 1267-ஆம் தீர்மானத்தின் கீழ் உருவான பட்டியல் அது. பெயர் ஏறியதும் ஐரோப்பா முழுவதும் அவருடைய சொத்தும் வங்கிக் கணக்கும் முடங்கின. குற்றச்சாட்டுப் பத்திரம் இல்லை, விசாரணை இல்லை. ஏன் என்று கேட்க ஓர் அலுவலகம்கூட இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் அல் பரக்காத் என்ற நிறுவனமும் பட்டியலில் ஏறியது. அதனோடு சுவீடனில் வாழ்ந்த சோமாலியர் மூன்று பேரும் ஏறினார்கள். சோமாலியாவில் வங்கிகள் நொறுங்கிப்போன காலத்தில், வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப அந்த நிறுவனத்தைத்தான் நம்பியிருந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அந்தப் பணம் போய்ச் சேராத வீடு எப்படி இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும்.

முடக்கம் என்றால் முழு முடக்கம். உணவுக்கும் வாடகைக்கும் விலக்கு அளிக்கலாம் என்று பாதுகாப்பு மன்றம் சொன்னது 2002 டிசம்பரில், ஓராண்டுக்கும் மேல் கழித்து. அதுவரை சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால், பட்டியலில் உள்ளவருக்குச் சோற்றுக்குப் பணம் கொடுப்பதும் தவறுதான்.

காதியும் அல் பரக்காத்தும் லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். (ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் வேறு, இது வேறு. அது மனித உரிமை உடன்படிக்கைக்கு, இது ஒன்றியத்தின் சட்டத்துக்கு. செய்தித்தாள்களே இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன.) 2005-இல் கீழ் நீதிமன்றம் கைவிரித்தது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் முடிவு செய்ததை நாங்கள் ஆராய இயலாது என்றது. மேல்முறையீட்டில் 2008 செப்டம்பர் 3-இல் முழுப் பேராயம் அதைத் திருப்பிப் போட்டது. உத்தரவு எங்கிருந்து வந்தாலும் சரி, எங்கள் ஒன்றியத்தின் சட்டமாக அதை நடைமுறைப்படுத்தினால் எங்கள் அடிப்படை உரிமைகளுக்கு அது கட்டுப்பட்டதே. காரணம் சொல்லப்படாத, பதில் சொல்ல வாய்ப்பில்லாத முடக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அதே சமயம் நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிடவில்லை. பணத்தை உடனே எடுத்துவிடாதபடி, தவறைச் சரிசெய்ய மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஆணையம் காரணங்களின் சுருக்கத்தை அவருக்கு அனுப்பி, மீண்டும் பட்டியலில் சேர்த்தது. அவர் மறுபடியும் வழக்குப் போட்டார். 2012 அக்டோபரில் ஐ.நா.வே அவர் பெயரை நீக்கியது. 2013 ஜூலை 18-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. சொன்ன காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு அதிகாரத்தில் இருப்பவருடையது, தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் பொறுப்பு பட்டியலில் உள்ளவருடையது அல்ல என்றது அது. இதற்கிடையில் இப்படிப்பட்ட எதிர்ப்புகளின் அழுத்தத்தால், பட்டியலில் உள்ளவர்களின் முறையீட்டைக் கேட்க 2009 டிசம்பரில் ஐ.நா. ஒரு நடுநிலை அலுவலகத்தை ஏற்படுத்தியது. ஒரு வணிகரும், பணம் அனுப்பும் ஒரு நிறுவனமும் போட்ட வழக்கு உலகத்தின் உச்ச மன்றத்தின் நடைமுறையை மாற்ற வைத்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

இது நமக்கு எங்கே வந்து தொடுகிறது? நம் சமுதாயத்தில் பணமாற்றுத் தொழில் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. 2001-இன் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படியும் 2011-இன் பணச் சேவைத் தொழில் சட்டத்தின்படியும் அவர்கள் உரிமம் வாங்கி, கணக்கு வைத்து, வாடிக்கையாளரின் பெயரைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் தவறில்லை, அழுக்குப் பணம் நம் கடை வழியாகப் போகக் கூடாது. ஆனால் முஹம்மது, அப்துல்லாஹ், இப்ராஹிம் என்ற பெயர்களை வைத்துக்கொண்டு கணினியில் தேடினால் எத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் நம் சங்கத்தின் ஜக்காத், சதக்கா கணக்குகளில் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். எவராவது காரணம் கேட்டால் எடுத்துக் காட்டப் புத்தகம் இருக்க வேண்டும். காரணம் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால், காரணம் காட்டும் கடமையும் நமக்கு உண்டு.

நம் சங்கமே அந்தச் சொல்லின் நிழலில்தான் ஐம்பது ஆண்டு இருந்திருக்கிறது. 1966-இன் சங்கங்கள் சட்டப்படி, அமைதிக்கோ பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ கேடாகப் பயன்படும் என்று தோன்றினால் பதிவதிகாரி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய மறுக்கலாம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அறிக்கையைச் சேர்ப்பிக்க நம் செயலாளர்கள் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று இளைஞர்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

எல்லையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஜொகூர்க்காரர்கள் அல்லவா நாம்! 1924-இல் திறப்பு விழா கண்ட காஸ்வேயில் 1967 முதல் கடப்பிதழ்ச் சோதனை இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் அது மூடப்பட்டு, 2022 ஏப்ரல் 1-இல் முழுமையாகத் திறந்தது. நோய்ப் பாதுகாப்புக்காக என்றார்கள். அது வேண்டியதாகவும் இருந்தது. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் அந்தக் கரையில் வேலையும் இந்தக் கரையில் குடும்பமுமாகப் பிரிந்திருந்தவர்கள், மைத்தைப் பார்க்க வர முடியாமல் போனவர்கள், இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். எத்தனை நாள் மூடலாம் என்று கேட்க ஓர் இடம் இருந்ததா?

ஐரோப்பாவில் அந்தக் கேள்வி ஒரு 36 யூரோ அபராதத்தில் போய் முடிந்தது. 1985-இன் ஷெங்கன் ஒப்பந்தத்தின் வழியில் உள் எல்லைகளில் சோதனை கூடாது. ஆஸ்திரியா 2015-இல் அகதிகளின் வருகையைக் காரணம் காட்டி சுலோவேனிய எல்லையில் சோதனையைத் தொடங்கி, ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கொண்டே போனது. கடப்பிதழ் காட்ட மறுத்த ஒருவருக்கு அபராதம் விழுந்தது. அவர் விடவில்லை. 2022 ஏப்ரல் 26-இல் லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்னது: அதே பழைய அச்சுறுத்தலை வைத்து ஆறு மாதத்துக்கு மேல் நீட்ட முடியாது, புதிய அச்சுறுத்தல் வந்தால் புதிதாகக் காரணம் காட்டுங்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் ஐரோப்பிய நாடுகள் பல சோதனையைத் தொடர்ந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பாவைக் குறையே இல்லாத ஊராகக் காட்டுவது நம் நோக்கம் அல்ல. மத்தியதரைக் கடலில் மூழ்கும் அகதிகளைப் பார்க்கும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, ஆபத்து உண்மையாகவே இருக்கும்போது இந்த உரிமைப் பேச்செல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2024 மே 17 அதிகாலையில் நம் உலு திராம் காவல் நிலையத்துக்குள் ஒருவன் நுழைந்து இரண்டு இளம் காவலர்களைக் கொன்றான். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். அன்று காலை ஜொகூர் பாருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஒவ்வொரு தாய்க்கும் பயம் இருந்தது. வன்முறையை மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துகிறவர்களுக்கு நம் பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ இடம் இல்லை என்பதில் நாம் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்ல மாட்டோம். காவல்துறைக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்ட பிறகு அதன் காரணத்தை யார் சரிபார்ப்பது என்பது மட்டுமே நம் பேச்சு.

2012 ஜூலை 31-இல் இசா போனது; சொஸ்மா வந்தது. சொஸ்மாவில் பிடிபட்டவரை 28 நாள் வரை காவல்துறை வைத்திருக்கலாம். அதன்பின் விட வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்ட வேண்டும். இசாவோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சில விலக்குகள் தவிர, ஜாமீன் கிடையாது. 2015-இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஒரு வாரியம் ஒருவரை இரண்டு ஆண்டு வரை வழக்கின்றித் தடுத்து வைக்கலாம், அதைப் புதுப்பிக்கவும் செய்யலாம். முன்வாசல் வழியாகப் போனது பின்வாசல் வழியாகத் திரும்பியிருக்கிறது.

சொஸ்மா எப்படி வேலை செய்யும் என்பதைத் தமிழர்கள் 2019-இல் அருகிலிருந்து பார்த்தோம். அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற பெயரில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேர் கைதானார்கள். நவம்பர் 29-இல் உயர் நீதிமன்றம், ஜாமீனை மறுக்கும் 13-ஆம் பிரிவு நீதிமன்றத்தின் அதிகாரத்தில் கைவைப்பதால் அரசமைப்புக்கு முரணானது என்றது. ஆனால் மற்ற நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றவில்லை. 2020 பிப்ரவரி 21-இல் சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான வழக்கையும் கைவிடுவதாக அறிவித்தார். நான்கு மாதத்துக்கும் மேல் உள்ளே இருந்தவர்களுக்கு, போன நாள்களை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்களுடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். நாளைக்கு அந்த இடத்தில் வேறொரு பட்டியல், வேறொரு பெயர் இருக்கலாம்.

ஐரோப்பியருக்கு இருக்கும் ஒன்று நமக்கு இல்லை. அயர்லாந்துக்காரர் தன் நாட்டு நீதிமன்றத்தில் தோற்றாலும் ஸ்ட்ராஸ்பர்க் போகலாம். சுவீடனில் இருந்த சோமாலியர் லக்சம்பர்க் போனார். ஜொகூரிலிருந்து போக அப்படி ஓர் ஆசியான் நீதிமன்றம் கிடையாது. ஆசியான் 1967-இல் தொடங்கியது. 2009-இல் மனித உரிமைக்கென ஓர் ஆணையமும் அமைத்தது. ஆனால் அந்த ஆணையம் எந்த அரசையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே நம் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் உள்ளதைத்தான் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 5-ஆவது விதி, கைது செய்யப்பட்டவருக்குக் கூடிய விரைவில் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் தமக்கு வேண்டிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம் என்கிறது. 151-ஆவது விதி, தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது. நாட்டின் நலனுக்குக் கேடாகும் தகவலைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு விலக்கும் அங்கே இருக்கிறது. அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளலாம் என்பதில்தான் ஐரோப்பிய நீதிபதிகள் எழுபது ஆண்டு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

குடும்பங்கள் வந்திருப்பதால் நடைமுறையாகவும் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் யாரையாவது அழைத்துப் போனால் முதலில் கேட்க வேண்டியது, எந்தச் சட்டத்தின் கீழ் என்பதுதான். பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொஸ்மா என்றால் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் சொல்லவும் வழக்கறிஞரைப் பார்க்க விடவும் வேண்டும் என்று அதன் 5-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் வரை தள்ளிப்போட ஓர் உயர் அதிகாரியால் முடியும். அதற்கு மேல் முடியாது. வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் சங்கத்துக்கு அன்றே சொல்லுங்கள். நம் உறுப்பினர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு தேதி. சொஸ்மாவின் அந்த 28 நாள் அதிகாரத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2022 மார்ச் 23-இல் அந்தத் தீர்மானம் மக்களவையில் 84க்கு 86 என்ற வாக்கில் தோற்றது. அவைக்கு வராதவர்கள் அன்று பலர். ஜூலையில் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அந்த ஐந்து ஆண்டு 2027 ஜூலை 31-இல் முடிகிறது. ஜொகூருக்கு 26 நாடாளுமன்ற உறுப்பினர்கள். நம் தொகுதி உறுப்பினர் நோன்புக் கஞ்சிக்கும் பெருநாள் விருந்துக்கும் வரும்போது, அந்த இரண்டு நாளும் அவர் எப்படி வாக்களித்தார், ஏன் அப்படி வாக்களித்தார் என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

இனிக் கேள்வி நேரம். இளைஞர் பிரிவினரும் மகளிரும் முதலில் கேட்கலாம். வஸ்ஸலாம்.